தோட்டத்துக்குக் கால் முளைத்த கதை

துக்கிமானுக்கு வாயில் வராத ஒரே சொல், ‘வேண்டாம்’.

“வாங்க, ஒரு வாய் காப்பி!” என்று யாராவது கூப்பிட்டால் போதும், கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. சுமத்ராவின் அந்த ஊரில், கூப்பிட்டவர் வீட்டைத் தாண்டிப் போனால் சண்டைக்குப் போனதற்குச் சமம்.

அதனால்தான் வம்பு வந்தது.

அவருடைய எண்ணெய்ப்பனைகளுக்கு வயதாகிவிட்டது. காய்ப்பதோ கொஞ்சம், உயரமோ வானம். அண்ணாந்து குலை வெட்டி வெட்டி அவர் கழுத்தே பிடித்துக்கொண்டது. விவசாயிகள் சங்கம் புதுக் கன்றுகள் தரும். ஆனால் அன்று நாலு மணிக்குள் தோட்டத்தின் வரைபடத்தை அனுப்ப வேண்டும். கைப்பேசியோடு எல்லையோரமாக ஒரு சுற்று நடந்தால், நடந்த வழியை அதுவே கோடாக வரைந்துவிடும்.

காலையில் போன துக்கிமான் மதியம்தான் திரும்பினார், பெரிய ஏப்பத்தோடு.

சங்கத்திலிருந்து வந்திருந்த யூனி படத்தைப் பார்த்தாள். “அண்ணே, இது தோட்டமா, நண்டா?”

படம் மூன்று பக்கமும் கால் நீட்டிக்கொண்டிருந்தது.

“மர்சினி அக்கா அடுப்படி உங்க தோட்டத்துக்குள்ள வருது. ஜுவாரி அண்ணன் கோழிக்கூடும் வருது!”

“கோழிக்கூட்டுல என்னப்பா குடிச்சீங்க?” என்று கேட்டாள் மகள் வெனிங்.

“முட்டை குடுத்தாங்கம்மா.”

“மறுபடி நடங்க. உரிமையாளர்தான் நடக்கணும்” என்றாள் யூனி.

இந்த முறை துக்கிமான் கைலியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓடினார். பின்னாலேயே வெனிங்கும் ஓடினாள்.

“யாரது, துக்கிமான் அண்ணனா?” மர்சினி கத்தினாள். “ஐயோ, குளிர் காய்ச்சலா? உள்ள வாங்க, இஞ்சித் தண்ணி போடுறேன்!”

நண்டுக்கு மறுபடியும் கால் முளைத்தது.

துக்கிமான் மரத்தடியில் உட்கார்ந்து கழுத்தைத் தேய்த்தார். “கன்னு போச்சு. இன்னும் எத்தனை வருஷம் வானத்தைப் பார்த்து வெட்டுறது?”

வெனிங்குக்குப் பாவமாக இருந்தது. யோசித்தாள். கூப்பிட்டால் மறுக்க முடியாதது அப்பாவுக்கு மட்டும்தானா?

நேரே மர்சினி வீட்டுக்கு ஓடினாள். “அக்கா, உங்களைக் கூப்பிட வந்தேன். எங்க எல்லை மூலையில பாய் போட்டிருக்கேன், வாங்க. காப்பியும் கொண்டாங்க.”

“நல்லா இருக்குடி! விருந்துக்குக் கூப்பிட்டுட்டு காப்பியும் நானே கொண்டு வரணுமா?”

முணுமுணுத்தாலும் மர்சினி கிளம்பினாள். கூப்பிட்டாகிவிட்டதே!

ஜுவாரியும் முட்டையோடு வந்தார். மூன்றாவது வீட்டுக்காரரும் வந்தார். மூன்று மூலையில் மூன்று பாய்கள். நாலாவது மூலை ஓடைக்கரை. அங்கே பொரித்த வாழைப்பழத்தோடு வெனிங்கே நின்றாள்.

“அண்ணே, ஒரு வாய்!” என்று முதல் மூலையிலிருந்து கூப்பிட்டாள் மர்சினி.

துக்கிமான் நூல் பிடித்த மாதிரி நேரே மர்சினியிடம் நடந்தார். குடித்தார். அடுத்த மூலையிலிருந்து ஜுவாரி கூப்பிட்டார். அங்கேயும் நேரே போனார். ஒரு கால்கூட முளைக்கவில்லை.

“அடடா, கண்ணுல ஒத்திக்கலாம்!” என்றாள் யூனி. “ஆனா எல்லை சரின்னு பக்கத்துத் தோட்டக்காரங்களும் சொல்லணுமே?”

“எல்லையிலேயேதானே உட்கார்ந்திருக்கோம்!” என்றாள் மர்சினி. “சரிதான், சரிதான். நீயும் ஒரு வாய் குடி, யூனி!”

யூனியின் கால் பாயை நோக்கித் திரும்பியது. மணி நாலாகப் போகிறது!

“யூனி அக்கா! முதல்ல அனுப்புங்க, அப்புறம் உட்காருங்க!” என்று கத்தினாள் வெனிங்.

யூனி அனுப்பினாள். பிறகு உட்கார்ந்தவள், இருட்டும்வரை எழுந்திருக்கவே இல்லை.