கன்டின்யூட்டி கருணாகரன்

மயிலாப்பூர் தெப்பக்குளத்துத் தண்ணீரைக் கையில் ஏந்திச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூட நான் சேர்த்தது கிடையாது.

எழுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி. அடையாறில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் கருணாகரனுக்குக் கன்டின்யூட்டி பார்க்கிற வேலை. முந்தின ஷாட்டில் கதாநாயகிக்கு இடப்பக்கம் இருந்த பூ அடுத்ததில் வலப்பக்கம் போயிருந்தால் அவர் வாயைத் திறப்பார். டைரக்டர் "ஒன் மோர்" என்பார், கிளாப் பலகை 'டக்'கென்று அடிக்கும், மறுபடி எடுப்பார்கள். திருத்த முடியாததை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

மந்தைவெளியில் ஒரு பழைய வீட்டுக்கு அவரும் மனைவி ஜெயபாரதியும் குடிவந்த மத்தியானம் நல்ல மழை. கூடத்தில் ஊறிப்போன சுண்ணாம்பு வாசனை. பகலிலேயே முகம் தெரியாத இருட்டு. பின்கட்டு அறை மட்டும் பூட்டிக் கிடந்தது. வீடு பெருக்கி வைத்திருந்த முத்தம்மா வாசல் சாவியை நீட்டி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"வூட்ல எதுனா இடம் மாறிக் கீதுன்னா கம்முனு இரு நைனா. வாயால சொல்லாதே."

எனக்குச் சம்பளமே வாய்க்குத்தான் என்று அவர் சிரித்தார்.

மறுநாள் கூடத்துச் சுவரின் விரிசல் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தது. முந்தின நாள் அந்தப் பக்கம். பழக்கதோஷம், சொல்லிவிட்டார்.

மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை.

பூட்டிய அறைக்குள் 'டக்'.

விரிசல் பழைய இடத்துக்குப் போயிருந்தது. ஷூட்டிங்கில் ஆர்க் விளக்கு எரிந்து அணைந்தால் ஒரு கார்பன் நெடி வருமே, அது கூடம் முழுக்க.

அடுத்தது எதிர்வீட்டு நாய். செவலை நாய் கறுப்பாக நின்றது. சொன்னார். 'டக்'. நாயே இல்லை.

ஜெயபாரதியைக் கேட்டால், எதிர்வீட்டில் நாய் எப்போது இருந்தது என்றாள். எதிர்வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார்.

அப்புறம் கருணாகரனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். லஸ் கடைத்தெருக் கட்டடங்களுக்குப் பின்பக்கம் உண்டா, வெறும் மூங்கில் முட்டுத்தானா? ஸ்டுடியோவில் குழாய் வைத்து மழை கொட்டுகிறவர்களோடு பழகியவர். தன் தலையில் விழுவது யார் பிடித்த குழாய்? அந்த அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பது யார்?

ஒரு மாலை, மழையினூடே ஜெயபாரதி காபி கொண்டுவந்தாள். மூக்குத்தி இடப்பக்கம் இருந்தது. கல்யாணத்தன்று வலப்பக்கம் மின்னிய மூக்குத்தி.

நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். சொன்னால் திருத்துவார்களோ, வெட்டுவார்களோ. மூக்குத்தி எந்தப் பக்கம் இருந்தால் என்ன, ஜெயபாரதி இருக்கிறாளே.

"என்னங்க, அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. காபி நல்லாயிருக்கு."

அவள் பக்கத்தில் வந்து முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். துடைத்த கை நின்றது. அவருக்கு விஷயம் புரிந்து அவள் வாயைப் பொத்தப் போவதற்குள் சொல்லிவிட்டாள்.

"உங்க தழும்பு அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

மழைச் சத்தம் நின்றது.

இன்றைக்கும் சாயந்திரமானால் ஜெயபாரதி அந்த வீட்டில் இரண்டு டம்ளர் காபி ஆற்றுகிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. ஒன்றைக் கூடத்தில் வைத்துவிட்டு உள்ளே போவாள். திரும்பி வந்தால் டம்ளர் காலியாக இருக்கும். லேசாகக் கார்பன் நெடி அடிக்கும்.

ஜெயபாரதிக்குக் கல்யாணமே ஆகவில்லை.