கூரையில் படுத்திருந்த நிழல்

மேகம் ஒன்றுகூட இல்லாத உச்சி வெயிலில், காருக்கு ஏறும் மின்சாரம் திடீரென்று பாதியாகக் குறைந்ததைத்தான் ரூபினி முதலில் கவனித்தாள். ஜெலுத்தோங்கில் வரிசை வீடு. கூரையில் சோலார் பலகைகள் போட்டதிலிருந்து, வீட்டு வேலையை முடித்துவிட்டு மின்சாரக் காருக்கு முன்வாசலில் சார்ஜ் போடுவதும், பள்ளி விடும் நேரத்தில் அதே காரில் மகள் ஷர்மினியை அழைத்துவரப் போவதும் அவளுக்கு வழக்கமாகியிருந்தது. கைபேசியில் ஒவ்வொரு பலகையும் ஒரு கட்டமாகத் தெரியும்; வெயில் பட்டால் பச்சை, நிழல் விழுந்தால் கறுப்பு. அன்று கூரை முகட்டோரம் சில கட்டங்கள் கறுத்திருந்தன.

தெருவுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் மரமில்லை, உயர்ந்த கட்டடமில்லை. பலகைகள் கண் கூச மின்னின.

“காக்கா எச்சமா இருக்கும் லா,” என்றான் பிறை ஊரிலுள்ள தொழிற்சாலையிலிருந்து கைபேசியில் பேசிய கணவன் மோகனராஜ். “இதுக்குப் போயி பயப்படுவாங்களா?”

மறுநாள் கறுப்பு ஒரு வரிசை கீழே இறங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கீழே. எதிர்வீட்டில் பெலாச்சான் இறால் விழுது வறுபடும் நெடி, எங்கோ ஐஸ்கிரீம்காரரின் மணி, சுவரில் இன்வெர்ட்டரின் முனகல், இவை எல்லாவற்றுக்கும் அடியில், ஈரத் துணிமூட்டையைக் கண்ணாடிமேல் இழுப்பதுபோல் ஒரு சத்தம், கொஞ்சம் இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, அவள் தலைக்கு மேலே வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கைபேசியைப் பார்த்தாள். கட்டங்கள் நீளவாக்கில் கறுத்துக் கிடந்தன. ஓர் ஆள் குப்புறப் படுத்தால் அவ்வளவு இடம்தான் பிடிக்கும்.

பலகை பொருத்திய முஸ்தஃபாவை வரவழைத்தாள். ஏணியில் ஏறிய வேகத்தில் இறங்கினான். உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“மேல ஒண்ணும் இல்லக்கா. ஆனா இந்த வெயில்ல அந்தப் பலகை ஐஸ் மாரி சில்லுனு இருக்கு.”

“அப்ப என்ன தம்பி அது?”

“தெரியலக்கா. நான் கை வச்சப்ப...” அவன் முன்வாசலில் நின்ற காரைப் பார்த்தான். “இந்தக் கூரையிலேருந்து காருக்கு ஏத்தாதீங்க.”

தலைக்கவசத்தைக்கூட மாட்டாமல் மோட்டாரைக் கிளப்பிப் போய்விட்டான்.

அன்றே கேபிளைக் கழற்றினாள். மறுநாள் காலை எல்லாக் கட்டங்களும் பச்சை. கூரை முழுக்க வெயில். சத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. போனது போய்த் தொலைந்தது என்று மனம் தேறி, கேபிளை மறுபடி காரில் செருகினாள். தடங்கலே இல்லாமல் ஏறியது.

பள்ளி விடும் நேரம். காரை எடுத்துக்கொண்டு பெரிய சாலைக்குத் திரும்பினாள்.

டிங்.

பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. இருக்கை காலி. கைப்பை பின்னால் கிடந்தது.

டிங்.

கை நீட்டித் தொட்டாள். சில்லிட்டிருந்தது. நடுவில் குழிந்திருந்தது.

ஒதுக்கி நிறுத்த இடமில்லை. பின்னால் லாரியின் ஹார்ன். பள்ளி வாசல் வந்துவிட்டது. இறங்கி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். அவள் விரல்கள் பெல்ட்டின் பித்தானைத் தேடுவதற்குள் ஷர்மினி ஓடிவந்து முன்கதவைத் திறந்தாள். அவள் எப்போதும் உட்காரும் இடம்.

திறந்தவள் நின்றாள். இருக்கையின் தலைப்பகுதியை அண்ணாந்து பார்த்தாள்.

“சாரி ஆன்ட்டி.”

கதவை மெல்லச் சாத்தினாள். பின்னால் ஏறிக்கொண்டாள்.

“ஷர்மி... யாருகிட்டம்மா சாரி சொன்ன?”

கண்ணாடியில் குழந்தையின் முகம் வெளிறியிருந்தது. அவள் அந்த முன் இருக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிங். டிங்.

பக்கத்து பெல்ட் அசைந்தது. மெதுவாக வெளியே வந்தது. நீண்டது. காற்றில் வளைந்தது.

கிளிக்.

மணி நின்றது.

காலி இருக்கைக்கு முன்னால், இறுக்கமாக, பெல்ட் எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.