ஏற்றுமதிக்கு ஏற்றதல்ல

காலையில் எழுந்ததும் செல்வக்கனி முதலில் செய்யும் வேலை, மோப்பிக்கு மூக்குச் சிந்திவிடுவது.

மோப்பி என்பது கன்றுக்குட்டி உயரத்தில் நான்கு கால்கள் உள்ள ஓர் இயந்திரம். கண், காது, வாய் எதுவும் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை முழத்துக்கு ஒரு மூக்கு மட்டும் நீண்டிருக்கும். முந்தின நாள் முழுக்கச் சோள மூடைகளுக்குள் புகுந்து புறப்பட்ட மூக்கு என்பதால் தூசியும் சருகும் அடைத்துக் கிடக்கும். செல்வக்கனி ஒரு பழைய துணியை மூக்கின் முனையில் பிடித்து, "ம், சிந்து" என்பாள். அது சிந்தும். பிறகு இருவரும் வேலைக்குப் புறப்படுவார்கள்.

செவ்வாய்க் கோளில் செம்மேடு என்ற குடியிருப்புக்கு அவள்தான் தானிய ஆய்வாளர். ஆறு வருடமாக அந்த வேலை. செம்மேட்டில் முதன்முதலில் குடியேறியவர்கள் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மக்காச்சோள விவசாயிகள். நான்கு தலைமுறை ஆகியும் அவர்கள் பேச்சும் மாறவில்லை, பயிரும் மாறவில்லை. ஊரைச் சுற்றிப் பன்னிரண்டு கண்ணாடிக் குமிழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். செவ்வாயில் விளைந்த சோளம் என்றால் பூமியில் அப்படி ஒரு மோகம். இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை கப்பல் வரும். சோளத்தை ஏற்றிக்கொண்டு, பதிலுக்கு மருந்துகளையும் குமிழிகளின் விரிசலை அடைக்கும் பசையையும் இறக்கிவிட்டுப் போகும். அந்தப் பசை இல்லாவிட்டால் குமிழிக்குள் காற்று நிற்காது. காற்று நிற்காவிட்டால் செம்மேடும் நிற்காது.

சோளத்துக்கு ஒரு பகைவன் உண்டு. ஈரம் காயாமல் மூடை கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை சுரக்கும் நஞ்சுக்கு மனிதன் அறியக்கூடிய நிறமோ மணமோ ருசியோ இல்லை. தின்றவனை உடனே சாய்ப்பதுமில்லை. வருடக்கணக்கில் கல்லீரலை அரிக்கும். நூறு கோடிப் பங்கில் நான்கு பங்குக்கு மேல் இருந்தால் பூமி அந்தச் சோளத்தை வாங்காது. ஆயிரம் மணியில் ஒரு மணியில் மட்டும் நஞ்சு ஒளிந்திருக்கலாம் என்பதால், மூடைக்குப் பத்து இடத்தில் மூக்கை நுழைத்துப் பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் மோப்பி.

நஞ்சு தட்டுப்பட்டால் மோப்பி தும்மும். முதலில் செய்த மோப்பிக்குச் சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். ஊரார் அதைத் திருவிழா அலங்காரம் என்று நினைத்தார்கள். அடுத்ததற்குக் குரல் வைத்தார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மனு வந்தது. யாராவது தும்மினால் மட்டும் மனிதர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதைக் கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள்.

இந்த முறை, மூடைகளை அடுக்கி வைக்கும் ஏழாம் கிட்டங்கியில் மோப்பி மூச்சுவிடாமல் தும்மியது. நஞ்சின் அளவு நூறு கோடிக்குத் தொண்ணூறு பங்கு என்று காட்டியது.

செல்வக்கனிக்குக் காரணம் தெரியும். கப்பல் வருவதற்குள் அறுவடை விழாவை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று ஊர்க்குழுத் தலைவர் அய்யலுசாமி அவசரப்பட்டார். பதினான்கு நாள் காய வேண்டிய சோளத்தை ஒன்பதாம் நாளே மூடை கட்டி, நாடா வெட்டி, கைதட்டலும் வாங்கிவிட்டார். அவள் நேராக அவர் வீட்டுக்குப் போனாள். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"நானூறு மூடையும் நஞ்சு, தலைவரே. எரிச்சாகணும்."

"பாக்கதுக்குத் தங்கம் மாதிரில்லம்மா இருக்கு?"

"பாக்க நல்லாத்தான் இருக்கும். நஞ்சு உள்ள இருக்கு."

"கழுவுனா?"

"போகாது."

"வறுத்தா?"

"வறுத்தாலும் போகாது, வேகவச்சாலும் போகாது."

"நல்ல சோளத்தோட கலந்துவிட்டா? பத்துக்கு ஒண்ணுன்னு..."

"கெட்டது ஒண்ணு கலந்தா பத்தும் கெடும். அவ்வளவுதான்."

"சரி, மாட்டுக்குப் போடுவோம்."

"மாடு தின்னா பால்ல வரும். அந்தப் பால்லதான் உங்களுக்குக் காப்பி."

அய்யலுசாமி தம்ளரைக் கீழே வைத்தார்.

"எரிச்சிருவோம்," என்றார். "ஆனா ஏற்றுமதிச் சோளத்தை எரிக்கணும்னா ஊர்க்குழுத் தீர்மானம் வேணும். கூட்டம் திங்கக்கிழமை. அதுவரைக்கும் சீல் வச்சு வையி."

மூடையில் ஒட்ட அவளிடம் ஒரே ஒரு வகை வில்லைதான் இருந்தது. சிவப்பு நிறத்தில் 'ஏற்றுமதிக்கு ஏற்றதல்ல' என்று அச்சடித்தது. 'உண்ணத் தகாதது' என்று ஒன்று அச்சடித்துத் தரும்படி ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதுவரை யாரும் அப்படி ஒன்று கேட்டதில்லை என்று ஆறு வருடமும் பதில் வந்தது. நானூறு மூடையிலும் அந்தச் சிவப்பு வில்லையை ஒட்டிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கப்பல் இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டது. சரக்கு அடுக்க இடம் வேண்டும் என்பதால் சுமைப்பொறிகள் எல்லாக் கிட்டங்கிகளையும் காலி செய்யத் தொடங்கின. அவற்றுக்குச் சாவி தேவையில்லை. வில்லையைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். அவற்றின் பட்டியலில் இரண்டே கட்டங்கள். ஏற்றுமதிக்கு ஏற்றது என்றால் கப்பல். ஏற்றதல்ல என்றால் உள்ளூர்க் கடை. மூன்றாவதாக ஒரு கட்டம் தேவைப்படும் என்று பட்டியல் எழுதிய மனிதர் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் செல்வக்கனி வந்து பார்த்தபோது ஏழாம் கிட்டங்கி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மோப்பி தரையை முகர்ந்து ஒரு தும்மல் போட்டது. வாசலில் ஒன்று. தெருமுனையில் இன்னொன்று. தும்மிக்கொண்டே அது ஓட, அவளும் பின்னாலேயே ஓடினாள். பங்கீட்டுக் கடை வாசலில் போய் நின்றது.

கடை வாசலில் பாதி ஊர் வரிசையில் நின்றது. கடைக்காரர் பால்பாண்டி அண்ணாச்சி பெரிய பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்! பூமிக்குப் போக வேண்டிய சோளம்! அட்டைக்கு மூன்று மூடை!'

வரிசையில் முதல் ஆளாக மாடத்தி அக்கா. விடிவதற்கு முன்பே வந்து இடம் பிடித்து, மூடையும் வாங்கிவிட்டவள். அவளுக்குப் பின்னால் ஏற்கனவே மூன்று மூடையைத் தலையில் அடுக்கிக்கொண்டு ஒருவன் நின்றான். செவ்வாயில் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் அப்படி அடுக்க முடியும். உற்றுப் பார்த்தால், அவன் செல்வக்கனியின் கணவன் ராசையா.

"கீழ போடுங்க! எல்லாரும் கீழ போடுங்க! அது நஞ்சு!" என்று கத்தினாள்.

வரிசை அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு இன்னும் நெருக்கமாக நின்றுகொண்டது.

"இப்படி ஏதாவது சொல்லி வெரட்டிட்டு, ஆபீஸ்காரங்க நீங்களே எடுத்துக்கிடலாம்னு பாக்கீங்களோ?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"எக்கா, நான் சொல்லுதது காதுல விழலையா? பூமிக்காரங்க வேண்டாம்னு கழிச்சது இது!"

"அவங்க கழிக்கதுன்னா என்ன கழிப்பாங்க தாயி?" என்றாள் மாடத்தி பொறுமையாக. "எங்க பூட்டன் பூமியில இருந்து ஒரு சட்டை கொண்டாந்தாரு. எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்தான். காலர்ல ஒத்தத் தையல் விட்டுப்போயிருந்துச்சு. நாப்பது வருசம் போட்டாரு. அவருக்கு அப்புறம் எங்க தாத்தா போட்டாரு."

"சட்டையும் சோளமும் ஒண்ணா?"

"ஒரு மணி ரெண்டு மணி சின்னதா இருந்திருக்கும். அதுக்குப் போய்க் கழிச்சிருப்பாங்க. அவங்க சுத்தம் அப்படி."

மோப்பி மூடைகளின் நடுவே போய்த் தொடர்ந்து ஏழெட்டுத் தும்மல் போட்டது.

"அதுக்குச் சளி பிடிச்சிருக்கு. வீட்ல கொண்டுபோய்ப் படுக்க வைம்மா," என்றார் பால்பாண்டி அண்ணாச்சி.

அவள் ராசையாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "நீங்களாவது நம்புங்க. கல்லீரலை அரிச்சிரும்."

"ஏ புள்ள, மெதுவா," என்று அவன் கிசுகிசுத்தான். "உனக்கும் சேத்துத்தான் வாங்கியிருக்கேன். இங்க வச்சு எதுக்குச் சத்தம் போடுத?"

செல்வக்கனி கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நானூறு மூடை. ஊரில் மொத்தமே நூற்று முப்பது பங்கீட்டு அட்டைகள்தான். மதியத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். இரவுக்குள் எல்லா அடுப்பிலும் ஏறிவிடும். பலகையில் அண்ணாச்சி எழுதியிருந்ததை ஒருமுறை வாசித்தாள். பிறகு இன்னொரு முறை வாசித்தாள். உண்மை என்று அவளிடம் இருந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தாயிற்று. எழுந்து ஒரு மூடையின் மேல் ஏறி நின்றாள். கத்தவில்லை. அலுவலகத்தில் மனு வாங்கும்போது பேசும் அலுப்பான குரலில் பேசினாள்.

"ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. நான்தான் வில்லையை மாத்தி ஒட்டிட்டேன். ஏற்றுமதிக்குன்னு போட்டதெல்லாம் நேத்தே கப்பல்ல ஏறிடுச்சு. இது அது இல்ல. இது நம்ம ஊருக்குன்னே விளைவிச்ச சோளம். உள்ளூர் ரகம்."

எல்லாரும் மூடைகளை ஒருமுறை குனிந்து பார்த்தார்கள்.

"உள்ளூரா?" என்றது பின்வரிசைக் குரல்.

"ஆமா. உள்ளூர். வேணுங்கறவங்க அட்டையைக் காட்டி வாங்கிக்கோங்க. தாராளமா இருக்கு."

தலையிலிருந்த மூடைகள் தொம் தொம்மென்று கீழே விழுந்தன. "இதுக்குத்தான் விடியுமுன்ன இருந்து நிக்கேனா?" என்று ஒருவர் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் ஒரு பிடி சோளத்தை அள்ளிப் பார்த்து, "பாத்தா உடனே தெரியுதே, இது நம்ம ஊர்ச் சோளந்தான்னு. ஒரு களையே இல்ல" என்று உதறிவிட்டுப் போனார். ஐந்து நிமிடத்தில் வாசல் காலி. பால்பாண்டி அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பலகையைக் கழற்றினார்.

ராசையா மட்டும் நின்றான். "நெசமாவே நஞ்சா, கனி?"

"எத்தனை தடவை சொன்னேன்?"

"நீ கத்திச் சொன்னியா, எதையோ மறைக்கன்னு நெனைச்சேன்."

அவனும் அவளும் மூடைகளை வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள். அய்யலுசாமிக்குத் தகவல் போய் அவரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தீர்மானம் நிறைவேறாமல் எப்படி எரிப்பது என்று செல்வக்கனி கேட்டாள்.

"ஊர் முன்னாடி உள்ளூர்ச் சோளம்னு சொல்லிட்டியாமே?"

"சொன்னேன்."

"அப்பம் சிக்கல் தீர்ந்துச்சு. ஏற்றுமதிக்குத்தான் தீர்மானம். உள்ளூர்ச் சோளத்தை எரிக்க ஒரு விதியும் கிடையாது."

மாலைக்குள் நானூறு மூடையும் உலைக்குள் போய்விட்டன. செல்வக்கனிக்கு இடுப்பு ஒடிந்தது. ஆனால் மனசு லேசாக இருந்தது. உள்ளூர்ச் சோளத்துக்கு எந்த வரம்பும் சட்டத்தில் இல்லை. என்றாலும் ஆறு வருடமாக ஊர் தின்னும் ஒவ்வொரு மூடையையும் அவள் பூமியின் அதே நான்கு பங்கு வரம்புக்குத்தான் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே உலைக்களத்தை விட்டு வெளியே வந்தாள்.

வாசலில் மாடத்தி அக்கா காத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லதெல்லாம் கப்பல்ல ஏறிடுச்சாக்கும், தாயி?"

"ஏறிடுச்சுக்கா. ஆனா நீங்க தெனமும் சாப்பிடுத சோளமும் அதே தரந்தான். ரெண்டையும் நான்தான் சோதிக்கேன். ஒரு வித்தியாசமும் கிடையாது."

மாடத்தி சிரித்தாள். ஆறுதல் சொல்ல வந்த பிள்ளையின் மனசு நோகக் கூடாது என்று சிரிக்கிற சிரிப்பு. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தாள்.

"அடுத்த கப்பலுக்காவது என்னத்தையும் கழிச்சுப் போட்டா, யாருக்கும் சொல்லாத. எனக்கு ஒரு மூடை எடுத்து வச்சிரு."