வேலியின் அந்தப் பக்கம்

இருளாயி தான் வேலை செய்யும் பொதுப் பூந்தோட்டத்துக்குள் நுழைந்தபோது பனி இன்னும் விலகவில்லை. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் இருந்த இடமே தெரியவில்லை. இரவெல்லாம் பெய்த மழை மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கொட்டகையில் தொங்கிய பெரிய கத்தரியை எடுத்து, அதன் வாய்க்கு எண்ணெய் தடவிக்கொண்டு, அவள் கீழ்வேலிப் பக்கம் நடந்தாள்.

கீழ்வேலியை வெட்டும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆற்றை ஒட்டி ஓடும் அந்தச் செம்பருத்தி வேலியை இப்போதெல்லாம் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாயாண்டிதான் வெட்டுவான். வேறு யார் கைபட்டாலும் அவனுக்குப் பொறுக்காது. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை புந்தோங் அம்மன் கோயிலில் அவன் அவளுக்குத் தாலி கட்டப் போகிறான். நேற்று சேலை எடுக்க டவுனுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. சனிக்கிழமை பேண்டு வாசிக்க வருகிறார்கள், அதற்குள் வேலி ஒழுங்காக இருக்க வேண்டும் என்று துரை வேறு உத்தரவு போட்டிருந்தார். அவன் திரும்பி வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருக்கட்டும். அவன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். தனக்கென்று ஒரு முகம் மலர்ந்து அவளுக்கு வெகுநாள் ஆகியிருந்தது.

வேலி வெட்டுவது இரண்டு பேர் வேலை. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இலை அடர்த்தியில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. கத்தரிச் சத்தத்தை வைத்தே சேர்ந்து நகர வேண்டும். தன் பக்கம் முடிந்ததும் கத்தரியை மூடி, வாயைத் தரைக்கல்லில் இரண்டு முறை தட்ட வேண்டும். எதிரே இருப்பவள் பதிலுக்கு இரண்டு முறை தட்டுவாள். பதில் வராமல் யாரும் நகரக் கூடாது. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் இருளாயியும் வீரம்மாவும்.

ரப்பர் தோட்டத்தில் ஒரே லய வீட்டு வரிசையில் வளர்ந்து, ஒரே விடியலில் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு நடந்து வந்தவர்கள் அவர்கள். வீரம்மாவுக்கு இடது கைப்பழக்கம். ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கங்காணியிடம் அதற்காக அடிவாங்கியவள். அவள் வெட்டிய கிளைகளின் நுனி மட்டும் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். "என் பக்கம் எதுன்னு துரைக்கே தெரியும்லா," என்று சிரிப்பாள். கத்தரிப் பிடி உள்ளங்கையைக் கடிக்கிறது என்று அவள் சொன்னபோது, இருளாயி தன் நீலச் சேலையைக் கிழித்துப் பிடியில் சுற்றிக் கொடுத்தாள்.

அப்புறம் பெருவெள்ளம் வந்தது. ஆறு ஏறி வந்து கீழ்வேலியின் நடுப்பகுதியை வாரிக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்து, புதுச்செடி நடக் குழி தோண்டிய வாரத்தில்தான் இருவருக்கும் சண்டை.

"அந்த மண்டோரு வேணாம்டி. அவன் பார்வையே சரியில்ல."

"உன்னைப் பார்க்கலன்னு பொறாமையா?" என்றாள் இருளாயி.

அன்று மாலை வீரம்மா தன் பக்கத்தை முடித்துவிட்டு இரண்டு முறை தட்டினாள். இருளாயி பதிலுக்குத் தட்டவில்லை. கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வீரம்மா இல்லை. படகுக்காரன் ஒருவனோடு தெலுக் ஆன்சன் துறைமுகத்துக்கு ஓடிவிட்டாள் என்று மாயாண்டி சொன்னான். கத்தரியையும் திருடிக்கொண்டு போய்விட்டாளாம். செத்தவளுக்கு அழலாம். விட்டுவிட்டு ஓடியவளுக்கு எப்படி அழுவது? கூடப் பிறந்தவளைவிட மேலாக நினைத்தவள் ஒரு வார்த்தை சொல்லாமல் போனது இருளாயியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்த முள்ளின் மேல் மாயாண்டி மெதுவாகக் கையை வைத்தான். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

அவள் வெட்டத் தொடங்கினாள். ஈர இலைகள் காலடியில் விழுந்தன. நசுங்கிய தழையின் பச்சை வாடை எழுந்தது. புதிதாக நட்ட நடுப்பகுதி மற்ற இடங்களைவிட உயரமாக, கருகருவென்று வளர்ந்திருந்தது. அதை நெருங்கியபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரக். சரக்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கத்தரி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன மண்டோரே, சேலை எடுத்தாச்சா? நான் மட்டும் பேரு வாங்கிடுவேன்னு ஓடி வந்துட்டீங்களா?"

கத்தரி மட்டும் நகர்ந்தது. இரண்டு சின்ன வெட்டு, ஒரு நீள வெட்டு. இரண்டு சின்னது, ஒரு நீளம்.

இருளாயியின் கை நின்றது.

அந்தத் தாளம் அவளுக்குத் தெரியும்.

வேலியின் முனையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினாள். யாரும் இல்லை. புல்லில் மிதித்த தடம்கூட இல்லை. ஆனால் வேலி நேராக வெட்டப்பட்டிருந்தது. ஒரு நுனியைத் தொட்டாள். ஈரம். வெட்டு எதிர்த்திசையில் சாய்ந்திருந்தது.

"வந்துட்டியா?" என்றாள் மெல்ல. முதலில் அவளுக்குள் எழுந்தது பயமல்ல, கோபம். "இப்ப எதுக்குடி வந்த?"

சரக்.

சத்தம் இப்போது இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

வேலிக்குள்ளிருந்து வந்தது.

அவள் மண்டியிட்டுத் தண்டுகளை விலக்கினாள். மழை அடிமண்ணைக் கரைத்திருந்தது. வேர்களுக்கு நடுவே ஏதோ நீலமாகத் தெரிந்தது. விரலால் மண்ணைச் சுரண்டினாள். துணி. இன்னும் சுரண்டினாள். துணி சுற்றிய கத்தரிப் பிடி. பிடித்து இழுத்தாள்.

அது வரவில்லை.

உள்ளிருந்து ஒரு கை அதை விடாமல் பிடித்திருந்தது. சதை போய், எலும்போடு வேர்கள் பின்னிக் கிடந்தன.

இடது கை.

"அங்க என்ன புள்ள செய்யுற?"

மாயாண்டி பின்னால் நின்றான். அக்குளில் சேலைப் பொட்டலம். அவளிடம் காட்டத்தான் நேரே வந்திருந்தான். அவன் பார்வை அவளைத் தாண்டிக் குழிக்குப் போனது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சலிப்பு மட்டும் தெரிந்தது.

"வீரம்மா தெலுக் ஆன்சனுக்குப் போயிட்டான்னு சொன்னீங்களே, மாமா."

"இந்த வேலியத் தொடாதன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"ஏன்?" என்றாள்.

"அவ வாய் சும்மா இருக்கல. ரப்பர் தோட்டத்துல எனக்குப் பொண்டாட்டி இருக்குன்னு எங்கேயோ கேட்டுட்டு வந்தா. உங்கிட்ட சொல்லுவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. அன்னிக்குச் சாயங்காலம் உன் பின்னாலயே ஓடிவரப் பார்த்தா." பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினான். "உன்னை விட மனசு வரல. எல்லாம் உனக்காகத்தான் புள்ள."

ஏதோ பரிசு கொடுப்பவன் போலச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பெல்லாம், அவன் தோளில் சாய்ந்து வீரம்மாவைத் திட்டிய திட்டெல்லாம், இந்த மண்ணுக்கு மேலேதான் நடந்திருக்கிறது. கீழே இருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

சரக். சரக்.

மாயாண்டி தலையைத் தூக்கினான். "யாருடி உன்கூட?"

"யாருமில்ல."

"அந்தப் பக்கம் யாரு?"

சரக்.

அவன் பொட்டலத்தைக் கீழே போட்டான். இடுப்பிலிருந்து பாராங் கத்தியை உருவிக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்தான். ஈரப் புல்லில் அவன் காலடி கேட்டது. அது அந்தப் பக்கமாக நகர்ந்து வந்து, அவளுக்கு நேர் எதிரே நின்றது.

கத்தரியும் நின்றது.

இலைகளுக்கு அப்பால் அவன் ஏதோ சொன்னான். கெஞ்சுவது போல, மிகத் தாழ்ந்த குரலில்.

ஒரே ஒரு வெட்டு. அது கிளை வெட்டும் சத்தமல்ல.

பிறகு பனியும் மழைச் சொட்டும் மட்டுமே இருந்தன. வெகுநேரம் கழித்து, தரைக்கல்லில்,

டக். டக்.

என் பக்கம் முடிந்தது.

அவள் கத்தரி காலடியில்தான் கிடந்தது. எடுத்து இரண்டு முறை தட்டினால் போதும். ஆனால் உடம்பு கேட்கவில்லை. எழுந்து ஓடினாள். பூந்தோட்டத்துக் கேட்டைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, மூச்சு அறும்வரை ஓடினாள். பதில் சொல்லாமல் வீரம்மாவை விட்டுவிட்டு வந்தது இது இரண்டாவது முறை என்பது மூச்சு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

போலீஸ் வந்தது. வீரம்மாவைத் தோண்டியெடுத்து முறைப்படி அடக்கம் செய்தார்கள். நீலத் துணி சுற்றிய கத்தரியை அவள் கையிலிருந்து பிரிக்க முடியாமல் அதோடே புதைத்தார்கள். மாயாண்டி மட்டும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து ஈர மண்ணில் அவன் காலடி வேலியின் நடுப்பகுதிவரை போயிருந்தது. திரும்பிய தடம் இல்லை. தெலுக் ஆன்சன் பக்கம் ஓடியிருப்பான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒருவன் அவனை அங்கே படகுத்துறையில் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னான்.

நடுப்பகுதியில் மறுபடி செடி நட்டார்கள். அது முன்னைவிட வேகமாக வளர்ந்தது.

புதிதாக வந்த நவமணியை அவளுக்குச் சோடியாகப் போட்டார் புது மண்டோர். முதல் நாளே அந்தப் பெண் கத்தரியோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, என்னை ஏன் அனுப்பினீங்க? அந்தப் பக்கம்தான் வெட்டி முடிச்சிருக்கே. யாரு செஞ்சா?"

"நீ போய் கல்வாழைப் பாத்தியப் பாரு. இந்த வேலிய நான் பார்த்துக்கிறேன்."

அன்றிலிருந்து கீழ்வேலியை இருளாயி தனியாகத்தான் வெட்டுகிறாள். முடிந்ததும் கத்தரியை மூடி, கல்லில் இரண்டு முறை தட்டுவாள். காத்திருப்பாள். விளக்கு ஏற்றுகிறவன் வந்து, "இன்னும் வீட்டுக்குப் போகலையாக்கா?" என்று கேட்கும்வரை நிற்பாள்.

பதில் ஒருநாளும் வந்ததில்லை.

இருள் விழும் நேரத்தில் சுற்றிக்கொண்டு போய்ப் பார்ப்பாள். அந்தப் பக்கம் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். நுனிகள் எல்லாம் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கும். ஈரம் காய்ந்திருக்காது. ஏதாவது ஒரு கிளையில் ஒரு நீல நூல் மாட்டியிருக்கும்.