அட்மின் உயிரோடு இல்லை

யசோதினிக்கு போன் வந்தது.

அவள் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

ரமேஸ் பல் விளக்கிக்கொண்டிருந்தான். அலுமாரி மேல் சார்ஜில் கிடந்த போன் உதறியது... அலறியது... விளிம்பு வரை நகர்ந்து வந்தது.

அந்த நம்பருக்கு இப்போதெல்லாம் யாரும் கோல் எடுப்பதில்லை. எடுத்தாலும் அவள் பேசமாட்டாள் என்று தோட்டம் முழுக்கத் தெரியும்.

புது நம்பர்.

எடுத்துக் காதில் வைத்தான்.

"யசோதினிதானே?" ஆண் குரல். சுருட்டில் ஊறிய குரல்.

"நான் அவ புருஷன்."

"நல்லதாப் போச்சு. பொண்டாட்டிகிட்ட சொல்லு. உங்க அழகம்மா எங்ககிட்ட இருக்கா. வெள்ளன பிரட்டுக்கு, பேர் குடுக்கப் போறப்ப தூக்கிட்டோம். இன்னிக்கு மனு குடுக்கக் கண்டி கச்சேரிக்குப் போற ஊர்வலம் நடக்கக்கூடாது."

ரமேஸ் வாயில் நுரை. துப்பினான்.

"அழகம்மா அக்காவ என்ன செஞ்சீங்க?"

"இன்னும் ஒண்ணும் செய்யல. தெல்தோட்டைப் பாதையில மூடிக்கிடக்குற ஃபெக்டரி தெரியுமில்ல? உன் பொண்டாட்டி உடனே அங்க வரணும். அந்தப் போனோட."

"அவ வரமாட்டா."

"அவ வரலன்னா அழகம்மாவும் திரும்பி வரமாட்டா. பொலிசுக்குப் போனா... சவப்பெட்டிக்கு அளவு சொல்லிட்டுப் போ."

கட்.

ரமேஸ் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். 'செத்துட்டா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த வார்த்தையை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. எலிக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோன அன்றைக்கு ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அவன் அன்றும் அழவில்லை. வீட்டுக்கு வந்தான். அவள் போனைச் சார்ஜில் போட்டான்.

அதற்குப் பிறகு தினமும் போடுகிறான்.

* * *

"மௌத்தான பொம்புளைக்கி கோலா?" அஷ்பாக் ஆட்டோவை முடுக்கினான். "அல்லாஹ்வே... உயிரோட ஈக்கிற எனக்கே ஒருத்தனும் எடுக்கிறானில்ல."

அஷ்பாக் கலஹா கடைவீதியில் ஆட்டோ ஓட்டுகிறவன். ரமேஸின் போட்டோகொப்பிக் கடைக்கு முன்னால்தான் அவன் ஸ்டாண்ட். பேராதனைக் கெம்பஸில் பட்டம் வாங்கிய ரமேஸுக்கு நாடு கொடுத்த உத்தியோகம் போட்டோகொப்பி. பட்டத்தையே நகல் எடுத்துப் பழகிய கை.

"பொலிசுக்குப் போவமா மச்சான்?"

"போன மாசம் நம்ம குழுவுக்கு மிரட்டல் வந்தப்ப போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"சங்கத்துப் பேர் கேட்டாங்க. இல்லைன்னேன். தலைவர் பேர் கேட்டாங்க. இல்லைன்னேன். சீல் கேட்டாங்க. அதுவும் இல்லைன்னேன். அப்ப மிரட்டலும் இல்லைன்னுட்டாங்க."

"சரிதானே. சீல் அடிக்காத ஆளுக்கு இந்த நாட்டுல சாகவும் ஏலாது."

ஆட்டோ தேயிலை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறியது. லேசான தூறல்.

இத்தனைக்கும் காரணம் ஒரு வாட்ஸ்அப் குழு.

'எங்க மலை எங்க வீடு.' உருவாக்கியவர்: யசோதினி.

மேமலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டத் தருவதாகச் சொன்ன நிலத்தில், ஒரு நாள் ஹோட்டலுக்கு முளை அடித்தார்கள். அன்று சாயங்காலம் யசோதினி குழுவைத் தொடங்கினாள். சட்டம் ஒன்றே ஒன்றுதான் போட்டாள்.

'நமக்குத் தலைவர் வேணாம். தலைவர்னு ஒருத்தர் இருந்தா வெலை பேச வருவாங்க.'

சேருகிற எல்லோரையும் அட்மின் ஆக்கினாள். கொழுந்து பறிக்கிறவள் அட்மின். ஆட்டோக்காரன் அட்மின். கோயில் பூசாரி அட்மின். உலகத்தில் தொண்டனே இல்லாத ஒரே இயக்கம்.

புரட்சி மட்டும் நடந்தது என்று நினைத்துவிடக்கூடாது. காலையில் முருகன் படத்தோடு வணக்கம், மத்தியானம் இருமலுக்குக் கசாயம், மாலையில் காணாமல்போன ஆடு... இவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் போராட்டம். பாலம்மா என்ற கிழவி எதற்கும் கட்டைவிரலைத் தூக்குவாள். யசோதினியின் மரண அறிவித்தலுக்கும் தூக்கினாள்.

போன வாரம் அழகம்மா கொழுந்துக் கூடையோடு நின்று ஒரு லைவ் போட்டாள். அதில், ஹோட்டல்காரர்களுக்கு நிலத்தைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தவர் தொழிலாளர்களின் தன்னிகரில்லாத் தலைவர், சங்கத்தின் இராமையா. அதைத்தான் இன்று கச்சேரியில், அரசாங்க அதிபர் முன்னால் சொல்லப் போவதாக இருந்தாள்.

"நீ வெளிய நில்லு," என்றான் ரமேஸ்.

"நீ வராட்டி?"

"எனக்கென்ன... ஒண்ணும் இல்ல. அக்காவ வெளிய எடுக்கணும்."

அஷ்பாக் அவனைக் கண்ணாடியில் பார்த்தான். முதல் தடவையாக ஜோக் அடிக்கவில்லை.

"நான் இங்கினயே ஈக்கிறேன்."

* * *

ஃபெக்டரியில் மெஷின்களை எப்போதோ கழற்றி விற்றுவிட்டார்கள். நடுவில் ஒரு கதிரை. கதிரையில் உட்கார்ந்திருந்தார் இராமையா. வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, அனுதாபமான முகம். அனுதாபம் அவருடைய யூனிஃபோர்ம்.

பக்கத்தில் சுருட்டுக் குரலுக்குச் சொந்தக்காரன், கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. இன்னொரு பக்கம் லெப்டொப்போடு ஒரு கண்ணாடிப் பையன். கொழும்பிலிருந்து இறக்கிய 'டிஜிட்டல் ஆலோசகர்'.

மூலையில் சாக்கு மேல் அழகம்மா. கை கட்டியிருந்தது. வாய் கட்டவில்லை. பெரிய தவறு.

"தம்பி, நீ ஏன் வந்த?" என்றாள். "இவனுங்க குடுத்த தேத்தண்ணியக் குடிச்சியா? குடிக்காத. தோட்டத்துக்கே தலைவராம், தூசித்தூள்ல ஊத்திக் குடுக்கிறாரு."

"யசோதினி எங்க?" இராமையா கேட்டார்.

"வரமாட்டா."

"இந்தா பாரு தம்பி. நான் பொம்பளப் புள்ளைகளுக்கு மரியாத குடுக்கிறவன். கூப்பிடு, பேசித் தீர்ப்போம். சங்கத்துல மகளிரணி காலியாத்தான் இருக்கு."

கத்திக்காரன் அழகம்மாவின் பக்கம் ஓரடி வைத்தான். கத்தி அவள் கழுத்தருகே வந்து நின்றது. அழகம்மா முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தினாள்.

ரமேஸ் கையை நீட்டித் தடுத்தான்.

"அவ..."

"அவ?"

"அவ செத்துட்டா."

சொல்லிவிட்டான்.



இராமையா சிரித்தார். "டேய், யாருகிட்ட? நேத்து ராத்திரி அவ ஒன்லைன்ல இருந்தத இவன் பாத்திருக்கான்."

"ஆமா சேர்," என்றான் கண்ணாடிப் பையன். "ஒவ்வொரு நாளும் வர்றாங்க. ரொம்ப டிசிப்ளின்டான லீடர்."

"அது நான்," என்றான் ரமேஸ்.

"எதுக்கு?"

அவள் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் அந்தப் போனில் இருந்தன. தினமும் திறப்பான். ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்கத் தைரியம் வராது. மூடிவிடுவான். இதையெல்லாம் இந்தக் கதிரைக்கு எப்படிச் சொல்வது?

"சார்ஜ் இருக்கான்னு பார்க்க," என்றான்.

"அப்ப நீதான்டா தலைவன்."

"இல்ல. எங்களுக்குத் தலைவர் கிடையாது."

"நாப்பது வருசமா அரசியல்ல இருக்கேன். தலைவன் இல்லாத கூட்டம்னு ஒண்ண நான் பாத்ததில்ல."

"கூட்டம் இல்லாத தலைவரப் பாத்திருக்கீங்கதானே?" அழகம்மாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "கண்ணாடியில."

சுருட்டுக் குரல் கத்தியை அழுத்தியது. கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு.

"போனக் குடு," என்றார் இராமையா.

ரமேஸ் கொடுத்தான். ஒரு வருஷமாக வேறு யார் கையும் படாத போன். கொடுக்கும்போது அதன் சூடு உள்ளங்கையில் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது.

கண்ணாடிப் பையன் தட்டினான். இராமையா சொல்லச் சொல்ல.

'அன்பார்ந்த உறவுகளே, தவிர்க்க முடியாத காரணங்களால் இன்றைய ஊர்வலம் மறுஅறிவித்தல் வரை ஒத்திவைக்கப்படுகிறது. இவ்வண்ணம், யசோதினி.'

அனுப்பினான்.

ஒரு நிமிஷம்... எதுவும் இல்லை.

பிறகு ஒரு கட்டைவிரல். பாலம்மா.

"பாத்தியா?" இராமையா முகம் மலர்ந்தார். "தலைவர் சொன்னா ஜனம் கேக்கும். சரி, இப்ப குழுவக் கலைச்சுவிடு."

"ஒவ்வொருத்தரா நீக்கணும் சேர்."

"நீக்கு."

நீக்கினான். நீக்கினான். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"சேர்... நான் ஒருத்தர நீக்கினா, இன்னொருத்தர் அவர திரும்ப சேர்க்கிறாரு."

"எவன்டா அவன்? அவன நீக்கு."

"நீக்கினேன் சேர். அவர ஒரு பூசாரி சேர்த்துட்டாரு."

"பூசாரிய நீக்கு."

"பூசாரிய பாலம்மா சேர்த்துட்டாங்க." பையன் குரல் அழுகைக்கு வந்தது. "சேர்... இதுல எல்லாருமே அட்மின்."

இராமையாவின் முகத்தில் அனுதாபம் முதல் தடவையாகக் கழன்றது. தலைவர்கள் மட்டுமே இருக்கும் கட்சி ஒன்றை அவர் அறிவார், அது அவருடையது. ஆனால் அதில் இத்தனை வேகமாக யாரும் வேலை செய்ததில்லை.

அப்போது கேட்டது.

தூரத்தில் தப்படிக்கும் சத்தம்.

டண்டண்க்கு... டண்டண்க்கு...

பக்கத்தில் வந்தது. இன்னும் பக்கத்தில். கத்திக்காரன் உடைந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சம்பந்தமில்லாதவன்போலத் தள்ளி நின்றான். பிழைக்கத் தெரிந்தவன்.

தகரக் கதவு விழுந்தது.

முன்னால் அஷ்பாக். பின்னால் மலை. மலை என்றால் மலைதான். கச்சேரிக்குப் புறப்பட்டு பஸ்ஸுக்காக ரோட்டில் நின்ற சனம் முழுக்க. பாதிப் பேர் கையில் போன். எல்லாம் லைவில்.

"என்ன வேணும் உங்களுக்கு?" இராமையா எழுந்தார். குரல் உடனே மேடைக்கு ஏறியது. "உங்க தலைவி ஊர்வலம் வேணாம்னு சொல்லியிருக்கே, பார்க்கலியா?"

"பாத்தோம்யா," என்றாள் பாலம்மா. மழைக்குத் தலையில் எதையோ மடித்துப் போர்த்தியிருந்தாள். "கண்டிக்கு வேணாம்னு எழுதியிருந்திச்சு. அதான் இங்க வந்தோம்."

"எப்படித் தெரியும்... இந்த இடம்?"

"அது நான்," அஷ்பாக் கையை உயர்த்தினான். "வெளிய நிக்கிறேன். மையித்து மெசேஜ் போடுது. அதுவும் 'இவ்வண்ணம்'னு. லொக்கேஷன அனுப்பிட்டேன்."

பாலம்மா ரமேஸிடம் வந்தாள்.

"ஒரு வருசமா அந்த நம்பர் ராத்திரி வரும் தம்பி. ஒண்ணும் எழுதாது. போயிரும். நாங்க பாத்துக்கிட்டே இருப்போம். 'ஒன்லைன்'னு வந்தா... சரி, ரமேஸ் புள்ள இன்னிக்கும் உசிரோட இருக்கான்னு படுப்போம். இன்னிக்கு அது பேசுனப்பவே தெரிஞ்சிபோச்சு. கை உன்னோடது இல்ல."

ரமேஸுக்குக் கண் எரிந்தது. தேயிலைத் தூசி என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அந்த ஃபெக்டரியில் தேயிலை நின்று பல காலம்.

"நடிக்கிறீங்க," என்றார் இராமையா. "எல்லாரும் சேர்ந்து நடிக்கிறீங்க. யசோதினி செத்திருந்தா எனக்குத் தெரியாம இருக்குமா? என் சனத்துல ஒரு சாவு விழுந்தா முதல் ஆளா நிப்பேன்."

"நின்னீங்கய்யா," என்றாள் பாலம்மா.

தலையில் போர்த்தியிருந்ததை எடுத்து உதறினாள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்தார்கள்.

பெனர்.

ஆளுயரத்துக்கு இராமையா. கைகூப்பி. கண்கலங்கி. பின்னால் சூரியன்.

கீழே மூலையில், முத்திரை அளவில், ஒரு பெண்ணின் படம்.

'அமரர் யசோதினி ரமேஸ் அவர்களுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். இவ்வண்ணம், தலைவர்.'

"எழவுக்கு நீங்க வரல," என்றாள் பாலம்மா. "உங்க படம் வந்திச்சு. பெருசா இருந்ததால எறியல. எங்க லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது."

எல்லா போன்களும் பெனரை நோக்கித் திரும்பின. பிறகு இராமையாவை நோக்கி. ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக அவர் பெனருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். கை மட்டும் இன்னும் கூப்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூப்பினார்.

* * *

பொலிஸ் வந்தது. லைவில் முகம் தெரிகிறதென்றால் பொலிஸ் வேகமாகத்தான் வரும். தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவரைக்கூடத் தேடிப் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

இராமையாவை ஜீப்பில் ஏற்றினார்கள். டிஜிட்டல் ஆலோசகர் தானாகவே ஏறிக்கொண்டான்.

ரமேஸ் குனிந்து பையன் கைநழுவவிட்டுத் தரையில் கிடந்த போனை எடுத்தான். திரையில் ஒரு கீறல். சட்டையில் துடைத்தான். அவளுடைய குரல் பதிவு ஒன்றைத் தொட்டான்.

'ரமேஸ், வர்றப்ப சீனி வாங்கிட்டு வாங்க. மறந்துறாதீங்க.'

அவ்வளவுதான். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வருஷத்து அழுகை ஒன்றாக வந்தது. அழகம்மா கட்டு அவிழ்ந்த கையால் அவன் தலையைத் தடவினாள். யாரும் அதை லைவ் போடவில்லை.

சார்ஜன்ட் தொண்டையைச் செருமினார். பேனாவைத் திறந்தார்.

"முறைப்பாடு எழுதணும். உங்க இயக்கத்துக்குத் தலைவர் யார்?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கட்டாயம் வேணுமா சார்?" அழகம்மா கேட்டாள்.

"கட்டாயம். அந்தக் கட்டம் காலியா இருக்கக்கூடாது."

"அப்ப யசோதினின்னு போடுங்க."

சார்ஜன்ட் பெனரைப் பார்த்தார். பேனா நின்றது.

"இவங்க செத்துட்டாங்கம்மா. செத்த ஆள எப்படித் தலைவர்னு எழுதுறது?"

"தைரியமா எழுதுங்க சார்," என்றாள் அழகம்மா. "இந்த மலைநாட்டுல இனி வெலைக்கு வாங்க முடியாத ஒரே தலைவர் அவதான்."