ஓரக் கட்டத்தில் அவள்

அலுவலகத்தின் காணொளிக் கூட்டம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. பதிவோ அதற்குப் பிறகும் ஓடியிருந்தது. திரையைப் பதிவு செய்ய இலவசமாக இறக்கிய மென்பொருள், தானாக நிற்கத் தெரியவில்லை போலும் என்று நினைத்து, மிச்சத்தை வெட்டி எறிய அவள் கோப்பைத் திறந்தாள்.

யாரிடமும் சொல்லாமல் எடுத்த பதிவு அது. எல்லார் முன்னாலும் மேலாளர் வறுத்தெடுக்க, தலை நரைத்த பிழைதிருத்துபவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்ட காட்சியை மட்டும் வெட்டி அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். சேர்ந்து சிரிப்பாள் என்று பார்த்தால், போன்தான் வந்தது.

"அந்த மனுஷன் அழுறாருடி. ஓரத்துல உன் மூஞ்சியப் பாத்தியா?"

அக்கா போனை வைத்துவிட்டாள்.

இப்போது பார்த்தாள். ஓரக் கட்டத்தில் அவள் முகம், ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் மைக்கை அணைத்திருந்தாலும் மென்பொருள் அறையின் சத்தத்தையெல்லாம் பிடித்திருந்தது: மின்விசிறியின் முனகல், நாற்காலியின் கிறீச், அவற்றுக்கு நடுவே, தொண்டைக்குள் எதையோ உருட்டுவது போன்ற அவளுடைய சிரிப்பு. காது மடல் சுட்டது. நானா இப்படிச் சிரித்தேன்? வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாதென்று ஒலியைக் குறைத்தாள்.

பதிவில் ஒவ்வொரு கட்டமாக மறைந்தது. பிழைதிருத்துபவரும் போனார். அவளுடைய கட்டம் மட்டும் மிஞ்சியது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பிறகு சமையலறைப் பக்கம் போகும் காலடி, குழாயில் தண்ணீர். ஆமாம், சாப்பிட எழுந்து போனாளே.

ஆனால் முகம் எழவில்லை.

அங்கேயே இருந்தது. சிரித்தபடி. சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம். அவளே வைத்த தட்டு. முகம் அந்தப் பக்கம் திரும்பிக் கவனித்தது. பிறகு எழுந்தது. அவளுடைய அதே சட்டை. பின்னால் இருந்த படுக்கையறைக் கதவைத் திறந்து உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

பதிவு முடிந்தது.

படுக்கையறையில் மகள். காய்ச்சலென்று பள்ளிக்கு அனுப்பாமல் படுக்க வைத்திருந்தாள்.

அவள் திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது. சிரிப்பு மட்டும் இன்னும் கேட்டது. ஒலியை முழுதாக அணைத்தாள். சிரிப்பு நிற்கவில்லை.

"அம்மா..." உள்ளேயிருந்து மகளின் குரல். அழுகையில் உடைந்த குரல். "ஏம்மா என்னப் பாத்து சிரிக்கிற? நான் என்னம்மா பண்ணேன்?"

ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருகினாள்.

உள்ளிருந்து ஒரு கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது.