காயாத காவி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மழை விடும்வரை ஒரு கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடையாறு கடலில் சேரும் இடத்துக் குப்பத்தில், காலையில் அம்மாவின் நெற்றியில் பூசிய காவி மதியம் தாண்டியும் காயவில்லை என்பதைத்தான் டில்லிபாபு முதலில் கவனித்தான்.

அம்மா முத்தம்மாவுக்கு அக்கி. நெற்றியிலிருந்து இமைவரை கொப்புளம். கண்ணுக்குள் இறங்கினால் பார்வை போய்விடும், இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று தெருமுனை டாக்டர் விரட்டியிருந்தார். டில்லிபாபு கொண்டுபோகவில்லை. மீன்கடையைத் தங்கை காவேரிக்குக் கொடுத்தவள்தானே, எரியட்டும். அக்கி எழுதும் குயவர் வீட்டுக்காவது போனானா? அதுவுமில்லை. காவியைக் குழைத்து, அக்கியைத் தின்னும் சிங்கத்தை அவள் நெற்றியில் தானே கிறுக்கிவிட்டான்.

"கண்ணு எரியுது நைனா. ஆட்டோ கூப்புடு."

"அதான் சிங்கம் எழுதிக்கீறேன்ல. அது பாத்துக்கும்."

காவேரி போனில் கேட்டபோது, "டாக்டர் பாத்துட்டாரு. தூங்கிக்கினு கீது" என்றான்.

மழை இறுகியது, கரண்ட் போனது, தகரக் கூரையின் இரைச்சலுக்கு அடியில், பூனை பால் குடிப்பதுபோல, ஆனால் அதைவிடப் பெரிய வாயால், எதுவோ நக்கும் சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஈரமண் வாசனை. அதற்குள் பச்சை ரத்தக் கவிச்சி. செல்போன் வெளிச்சத்தைக் கட்டில்மேல் அடித்தான். நெற்றியில் சிங்கம் இல்லை. கன்னத்தில் இருந்தது.

அணைத்தான். மறுபடி அடித்தான்.

கழுத்தில். பிறகு, கட்டிலுக்கு வெளியே தொங்கிய கையில். விரல்நுனியில்.

பிறகு அவள்மேல் எங்குமே இல்லை.

தரையில் சிவப்பு ஈரம். அவனை நோக்கி.

அவன் கால் சுட்டது. முழங்கால். மார்பு. நெற்றி.

கதவு தட்டப்பட்டது. "அம்மா! அண்ணன் சொன்னத நான் நம்பல. ஆட்டோ இட்டாந்துகீறேன்!"

காவேரி! கத்த வாயைத் திறந்தான். வாய்க்குள் இருந்தது அவன் நாக்கில்லை. சொரசொரப்பாக, அகலமாக.

முத்தம்மா எழுந்து சேலையை உதறிக் கட்டினாள். நெற்றி கழுவிவிட்டதுபோல் இருந்தது. அவனை ஒருமுறை நின்று பார்த்தாள். இரண்டு கண்ணாலும்.

"அண்ணன் எங்கம்மா?"

"படுத்துக்கீது. எழுப்பாத. எனுக்கு அக்கி கொணமாயிடுச்சு. வா, கடையத் தொறக்கலாம்."

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. ஆட்டோ கிளம்பியது. இருட்டில், அவன் இமையை உள்ளிருந்து எதுவோ மெதுவாக நக்கத் தொடங்கியது.

உங்கள் வீட்டை நோய்நொடி அண்டாதிருக்கட்டும், செல்வங்களா. அங்கே யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடிவர ஒருத்தர் இருக்கட்டும்.